இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு: பழைய எஃப்.ஏ. வழி

நம் குண்டலுபேட்டையானாலும் சரி, கர்நாடகத்தின் வேறு தாலுகா ஊரானாலும் சரி, அரசுக் கல்லூரி வாசலில் 'சர்க்காரி பிரதம தர்ஜெ காலேஜு' என்று பலகை இருக்கும். முதல் தரக் கல்லூரி என்று பொருள். அப்படியானால் இரண்டாம் தரம் எங்கே? யாரும் கேட்பதில்லை. மளிகைக் கடைக்காரனாகிய எனக்குத் 'தரம்' என்ற சொல் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. ஆனால் இது அரிசி, பருப்பில் நாம் பார்க்கும் உசத்தி, மட்டம் அல்ல. படிப்பின் நீளத்தைக் குறித்த சொல்.

1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தில், மெட்ரிகுலேஷனுக்குப் பின் இரண்டு வருஷம் எஃப்.ஏ., அதற்குப் பின் இரண்டு வருஷம் பி.ஏ. என்று ஏற்பாடு. எஃப்.ஏ. வரை மட்டும் நடத்தியது இரண்டாம் தரக் கல்லூரி. பி.ஏ. வரை நடத்தியது முதல் தரம். மைசூர் மகாராஜா கல்லூரியும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியும் அன்று சென்னையோடு இணைந்தவைதான். பலகையில் உள்ள சொல் அந்தக் காலத்து மிச்சம்.

இதனால் விளைந்தது என்னவென்றால், சின்ன ஊர்ப் பையன் பாதிப் படிப்பில் கல்லூரி மாறுவது சர்வசாதாரணம். முதல் இரண்டு வருஷம் வீட்டுச் சோறு. பிறகு பெட்டியோடு சென்னைக்கு ரயில். பல்கலைக்கழகம் ஒன்றே, பரீட்சையும் ஒன்றே. ஆகவே பேரேட்டில் ஒரு பக்கத்துத் தொகையை அடுத்த பக்கத்தில் 'கொண்டுவந்தது' என்று எழுதுவதுபோல, படித்தது அப்படியே கூட வரும்.

1887 டிசம்பருக்கும் 1888 நவம்பருக்கும் இடையில் பிறந்த மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். மூவரும் இந்த வாசலுக்கு வந்தவர்கள்.

திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் எங்கள் பழைய வடஆற்காட்டு வேலூரில், ஊரீசுக் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தார். பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்கு மாறி, 1908-இல் தத்துவத்தில் எம்.ஏ. முடித்தார். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், தந்தை வேலை பார்த்த விசாகப்பட்டினம் ஏ.வி.என். கல்லூரியில் எஃப்.ஏ. முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். 1904-இல் பி.ஏ.யில் முதலிடம்.

மூன்றாமவர் கும்பகோணத்து ராமானுஜன். 1904-இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் உதவித்தொகையை இழந்தார். 1905-இல் வீட்டில் சொல்லாமல் ஓடிப்போனார். போன ஊரும் விசாகப்பட்டினம்தான். 1906-இல் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயன்றார். எஃப்.ஏ.யில் எல்லாப் பாடமும் தேற வேண்டும் என்பது விதி. இரண்டு தடவை எழுதியும் தேறவில்லை. அந்தக் காலத்தை ஆகா ஓகோ என்று நான் சொல்லவில்லை. வாசல் நடுவில் இருந்தது, ஆனா ஒரே அளவுச் சட்டை தைத்து எல்லோரையும் போடச் சொன்னார்கள்.

அதே பல்கலைக்கழகம் 1913-இல், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி, தகுதி விதியைத் தளர்த்திச் சேர்த்துக்கொண்டது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. கும்பகோணத்தில் தொடங்கிய பட்டப்படிப்பு பன்னிரண்டு வருஷம் கழித்து வேறு தேசத்தில் முடிந்தது.

அதே 1916 ஜூலையில் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. சமஸ்தானம் ஒன்று நிறுவிய முதல் பல்கலைக்கழகம் என்ற பெருமை அதற்கு உண்டு. 1918 முதல் 1921 வரை மகாராஜா கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர் நம் ராதாகிருஷ்ணன்தான். அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணவர்களே வண்டியை இழுத்து ரயிலடியில் கொண்டுவிட்டது மைசூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. ஆனால் பேரேடு அன்றோடு இரண்டாயிற்று. பிறகு எல்லைக்கு எல்லை மைக்ரேஷன் சர்டிபிகேட், எலிஜிபிலிட்டி சர்டிபிகேட் என்று வந்தன. எஃப்.ஏ. போய் இன்டர்மீடியட், அதுவும் போய் 1956-ஐ ஒட்டிப் பி.யூ.சி.யும் மூன்று வருஷப் பட்டமும், தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ. பட்டப்படிப்பு ஒரே துண்டானதும் நடுவே இறங்கி ஏறும் ஸ்டேஷன் காணாமல் போனது. பதினேழு வயசில் ஒரு பரீட்சை, அதோடு ஊரும் கல்லூரியும் முடிவு. ஐ.ஐ.டி.யில் பி.டெக். நடுவே வெளிப்பிள்ளையைச் சேர்க்கும் வழக்கம் இல்லை.

அமெரிக்காவில் அந்த ஸ்டேஷன் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 1960-இல் போட்ட உயர்கல்வித் திட்டத்தில், ஊர்க் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்தவர்களுக்குப் பெரிய பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருஷத்தில் இடம் வைத்தார்கள். ஒபாமாகூட ஆக்ஸிடென்டல் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து, 1981-இல் கொலம்பியாவுக்கு மாறியவர்.

இங்கே 2021-இல் யு.ஜி.சி. 'கிரெடிட் வங்கி' கொண்டுவந்திருக்கிறது. படித்த கணக்கைச் சேர்த்துவைத்து வேறு கல்லூரிக்கு எடுத்துப் போகலாம் என்கிறார்கள். நல்லது. ஆனா கணக்கில் வரவு இருந்தால் மட்டும் போதுமா, போய்ச் சேரும் கல்லூரி இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் காலி இடம் வைக்க வேண்டாமா? அன்று பி.ஏ. வகுப்பு என்பதே வெளியூரிலிருந்து மாறி வருபவர்களையும் எதிர்பார்த்துத் திறந்த வகுப்பு.

இன்றைக்கு நம்மிடம் மிஞ்சிய எஃப்.ஏ. வழி பாலிடெக்னிக்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து மூன்று வருஷம் டிப்ளமோ படித்த பிள்ளை, பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். கர்நாடகத்தில் இதற்கு டி.சி.இ.டி. என்று தனித் தேர்வு. தமிழ்நாட்டில் தனிக் கவுன்சலிங். பி.யூ.சி. மார்க்கு குறைந்துவிட்டதே என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைத்திருக்கும் நம் சங்கத்துப் பெற்றோர், டிப்ளமோ முடித்தவர்கள் எத்தனை பேர் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் இரண்டாம் வருஷம் போய் உட்காருகிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.