பூட்டும் மருந்தும்

அபினைப் பற்றிய நமது வரலாறு பெரும்பாலும் வரியின் வரலாறாக, பிறகு வழக்கின் வரலாறாக எழுதப்பட்டிருக்கிறது. 1893இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், இந்தியரின் அபின் பழக்கத்தைத் தடைசெய்யும் அளவுக்குக் கேடில்லை என்று 1895இல் முடிவு சொன்னது. அரசின் வருவாய் தப்பியது. மருத்துவத்துக்கு அல்லாத அபின் விற்பனையைச் சுதந்திர இந்தியா 1959 ஏப்ரலில் நிறுத்தியது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பொருளை உட்கொள்வதைக் குற்றமாக்கியது. ஆனால் சிகிச்சை மையங்கள் அமைக்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் அரசுக்கு அளித்திருக்கிறது.

இராமேஸ்வரம் கரையில் இந்தச் சட்டத்தின் முதல் பாதியை மட்டுமே நாம் செய்திகளில் காண்கிறோம். தலைமன்னார் அருகில் இருப்பதால் கடத்தல், படகு, கிலோ என்றே கணக்கு வருகிறது. அடிமைப்பட்டவர் அந்தக் கணக்கில் இல்லை. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் நாட்டில் 2.26 கோடிப் பேர். அவர்களில் சுமார் 77 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகிறது.

உதவி இல்லாத வீட்டில் மிஞ்சுவது பூட்டு. அதன் விலையை இந்த மாவட்டம் அறியும். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியின் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பின்னாளில் தர்காவை ஒட்டியே அரசு மருத்துவர்கள் சிகிச்சை அளிக்கத் தொடங்கினர். வேண்டுதலை யாரும் தடுக்கவில்லை. மருந்து அதன் அருகே சென்று அமர்ந்தது.

அது மனநோயின் கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. ஹெராயினுக்கோ வலிநிவாரணி மாத்திரைக்கோ அடிமையானவரை அடைத்துவைத்தால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுப்பவருக்கு மூச்சு அடங்கிப்போகலாம். எனவே சிறையிலிருந்தோ அடைப்பிலிருந்தோ திரும்பும் முதல் சில வாரங்களே உயிருக்கு மிகவும் ஆபத்தானவை. நாவின் அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையைத் தொடர்ந்து பெறுபவருக்கு இந்த ஆபத்து பெரிதும் குறைகிறது. மூச்சு அடங்குபவரை உரிய நேரத்தில் தரும் நலாக்சோன் ஊசி மீட்கும்.

இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஏர்வாடியில் தர்கா வரை நடந்த மருத்துவம் மீனவக் குப்பங்களுக்கும் நடக்க வேண்டும். வீடு திரும்புபவரின் தாயிடம், பழைய அளவு இனி நஞ்சு என்பதை ஒரு செவிலியராவது சொல்ல வேண்டும்.