தோல்வியில் மலரும் முகம்: வீடியோ கேம் ஆய்வுகளில் உடல் அளவைகளின் எல்லை

வீடியோ கேம் ஆடுபவரின் உடலில் மின்முனைகளைப் பொருத்தி அவர் என்ன உணர்கிறார் என்று அறிய முயலும் ஆய்வுகளுக்கு ஒரு பொது நம்பிக்கை உண்டு: வாய் மறைப்பதை உடல் காட்டிக்கொடுக்கும் என்பது. ஆட்டத்தின் எந்தக் கணத்தில், ஆட்டக்காரர் எந்த நிலையில் இருக்கும்போது அளந்தோம் என்று தெரியாதவரை அந்தச் சாட்சியத்துக்குப் பொருள் கூற இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உள்ளங்கையின் வியர்வைச் சுரப்பிகள் பரிவு நரம்பு மண்டலத்துக்குக் கட்டுப்பட்டவை. ஆகவே தோலின் மின்கடத்துதிறன் கிளர்ச்சியின் அளவைச் சொல்லும். அது அச்சமா களிப்பா என்று சொல்லாது. தூண்டலுக்குப் பின் 1 முதல் 3 நொடி கழித்தே அது எழும். அதற்குள் அடுத்த எதிரி வந்துவிடக்கூடும். இதயத் துடிப்போ கூர்ந்து கவனிக்கையில் குறையும், கிளர்ச்சியில் கூடும்; கேமில் இரண்டும் ஒருசேர நிகழ்கின்றன. எனவே இன்ப துன்பத்தைப் பிரித்தறிய முகத்தசைகளை நாடுகிறார்கள். கன்னத்தை மேலிழுக்கும் தசை இயங்கினால் இன்பம், புருவத்தை நெரிக்கும் தசை இயங்கினால் துன்பம். படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் வலுப்பெற்ற வாய்பாடு இது.

ஆடுபவரிடம் அது தடுமாறுகிறது. ஃபின்லாந்தின் நிக்லாஸ் ரவாயா குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 'ஜேம்ஸ் பாண்ட் 007: நைட்ஃபயர்' ஆடப்பட்டது. எதிரியைச் சுட்டு வீழ்த்தியபோது கிளர்ச்சி ஏறியது, கன்னத்தசை அடங்கியது. தன் பாத்திரமே அடிபட்டபோதோ கன்னத்தசை இயங்கியது, புருவம் தளர்ந்தது. ஒப்புக்குச் செய்த அசட்டுச் சிரிப்பு என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. உண்மைச் சிரிப்போடு தொடர்புடையதாகக் கருதப்படும் கண்சுற்றுத் தசையும் உடன் இயங்கியிருக்கிறது. பதற்றம் முடிந்த ஆறுதல் என்பது ஒரு விளக்கம். அப்படியானால் தோலின் கடத்துதிறன் அப்போதும் ஏறியது ஏன்? ஆறுதல் என்ற ஒற்றைச் சொல்லால் மட்டும் இதற்கு விடை கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விடைக்கான வழி அதே குழுவின் 2006ஆம் ஆண்டு ஆய்வில் இருக்கிறது. 'சூப்பர் மங்கி பால் 2' கேமில் கோளத்துக்குள் இருக்கும் குரங்கை, தளத்தைச் சாய்த்துச் சாய்த்து, வாழைப்பழங்களைச் சேர்த்தபடி இலக்குக்கு உருட்டிச் செல்ல வேண்டும். விளிம்பைத் தாண்டிக் குரங்கு விழுந்தபோது ஆட்டக்காரர்களிடம் பதிவானது இன்பத்தின் தசையசைவு. அதே வீழ்ச்சி மறுகாட்சியாக ஓடியபோது பதிவானதோ எதிர்மறை உணர்ச்சி. வீழ்ச்சி ஒன்றே, ஆட்டம் கையில் இருக்கிறதா, வெறுமனே பார்க்க வேண்டியிருக்கிறதா என்பதே முக்கிய வேறுபாடு. படங்களைப் பார்ப்பவரிடம் உருவான வாய்பாட்டை ஆட்டக்காரருக்கு அப்படியே பொருத்துவது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை.

ஓர் உடற்குறி பல உளநிலைகளிலிருந்து பிறக்கலாம் என்று உளவியலாளர்களான கச்சியோப்போவும் டாசினரியும் 1990இலேயே எச்சரித்தார்கள். வால்வ் நிறுவனத்தின் மைக் ஆம்பிண்டர் 2011இல் விவரித்த சோதனை அந்த எச்சரிக்கையை மீறாமல் நிற்கிறது: 'லெஃப்ட் 4 டெட் 2' கேமில் தோலின் கடத்துதிறனைக் கொண்டு ஆட்டக்காரரின் கிளர்ச்சியைக் கணித்து, அதற்கேற்ப ஆட்டத்தின் போக்கை மாற்றினார்கள். எவ்வளவு என்று மட்டும் கேட்டதால் அந்த அளவை போதுமானதாயிற்று. மகிழ்ந்தாரா என்று கேட்பவர்கள் முழு ஆட்டத்துக்கும் சராசரி போட்டுக் காட்டினால் போதாது. திரைப்பதிவை உடற்பதிவோடு நொடிக்கு நொடி பொருத்தி, கட்டுப்பாடு அக்கணத்தில் யாரிடம் இருந்தது என்று குறித்து, ஆட்டக்காரரின் வாய்மொழியையும் அருகில் வைக்க வேண்டும்.