சட்டக்கல்வியின் பழைய வாயில்



தொலைக்காட்சியாற் பெரும்புகழும் பெருஞ்செல்வமும் எய்திய அமெரிக்கப் பெண்மணி ஒருவர், தாம் சட்டத்தரணியாக விரும்பிப் பயின்று வருவதாக 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வெளிப்பட அறிவித்தார். கிம் கர்தாஷியன் என்பது அவர் பெயர். அப்போது அவருக்கு வயது 38; மூன்று பிள்ளைகளின் தாய். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். முந்திய ஆண்டிலேயே சான் பிரான்சிஸ்கோ நகரச் சட்டத்தரணிகளிடம் நான்காண்டுப் பயிற்சியைத் தொடங்கியிருந்தார்.

செய்தி பரந்ததும் நாடெங்கும் நகைப்பொலி எழுந்தது. அழகுப் பொருள் விற்பவளுக்குச் சட்டம் எதற்கு என்றனர் சிலர். தமக்குரிய துறையோடு அமைதல் நன்று என அறிவுரை கூறினர் வேறு சிலர். பணமும் பெயரும் உடையவர்க்குப் பட்டமின்றியே புறவாயில் திறக்கப்படுகின்றது எனச் சினந்தோரும் உளர். வாழ்த்தியோரும் இல்லாமலில்லை. விடுதலைக்கு வழியற்ற ஆயுட்சிறையில் இருபத்தோராண்டுகளுக்கு மேல் வாடிய அலிஸ் ஜோன்சன் என்னும் மூதாட்டிக்காக இவர் ஜனாதிபதி டிரம்பை நேரிற் கண்டு மன்றாடியதையும், 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மூதாட்டி விடுதலையானதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இவ்வாயில் உண்மையில் இவருக்கெனத் திறக்கப்பட்ட புறவாயில்தானா? வரலாறு 'அன்று' என விடை பகர்கின்றது. சட்டக்கல்லூரிகள் பெருகுமுன், அமெரிக்காவிற் சட்டம் பயில்வோர் சென்ற பெருவழி இதுவே. அனுபவம் மிக்க ஒருவரின் அலுவலகத்தில் அமர்ந்து, நூல்களைக் கற்று, பத்திரங்களைப் படியெடுத்து, பின் தேர்வுக்கு நிற்பர். கல்லூரிப் படிப்பே பொதுவிதியானது 20ஆம் நூற்றாண்டிலேதான். எனினும் கலிபோர்ணியா, வேர்ஜீனியா, வெர்மொண்ட், வாஷிங்டன் ஆகிய மாநிலங்கள் பழைய வாயிலை அடைத்துவிடவில்லை.

பள்ளியில் ஓராண்டுகூட முழுமையாகப் பயிலாத ஆபிரகாம் லிங்கன், நூல்களை இரவல் வாங்கித் தாமே கற்று, 1836ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்திற் சட்டத்தொழிலுக்கு உரிமை பெற்றார். அதே மாநிலத்தில், சட்டத்தரணியாகிய கணவரிடம் சட்டம் கற்றுத் தேர்விலும் சித்தியெய்திய மைரா பிராட்வெல் அம்மையாருக்கோ அவ்வுரிமை மறுக்கப்பட்டது. அவர் பெண் என்பதே காரணம். 1873இல் நாட்டின் உயர் நீதிமன்றமும் அம்மறுப்பையே நிலைநாட்டிற்று. லிங்கனுக்குத் திறந்த கதவு மைராவுக்கு அடைபட்டது கல்விக் குறையினாலன்று.

இனிக் கலிபோர்ணியாவுக்கு வருவோம். கிளாரா ஷோட்ரிட்ஜ் ஃபோல்ட்ஸ் என்பார் 1849ஆம் ஆண்டிற் பிறந்தவர். கணவன் கைவிட்டுச் சென்றபின் ஐந்து பிள்ளைகளைத் தாமே காக்கவேண்டிய நிலையில், சான் ஹோசே நகரில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்திற் சட்டம் கற்றார். வெள்ளை இன ஆடவர் மட்டுமே அத்தொழில் புரியலாம் என்றது அந்நாளைய மாநிலச் சட்டம். அதனைத் திருத்துவதற்கு அவரே மசோதா வரைந்து, ஏளனங்களுக்கிடையே சட்டசபையில் நிறைவேறச் செய்தார். 1878ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கலிபோர்ணியாவின் முதற் பெண் சட்டத்தரணியானார். அடுத்த ஆண்டு சட்டக்கல்லூரி ஒன்று அவரைச் சேர்க்க மறுத்தது. அதன்மீதும் வழக்குத் தொடுத்து வென்றார்.

வென்ற பின் அவர் செய்ததென்ன? சட்டத்தரணியை அமர்த்தப் பொருளில்லாத குற்றவாளிக்கு அரசே ஒருவரை அமர்த்தவேண்டும் என்னும் கருத்தை 1893இற் சிக்காகோ உலகப் பொருட்காட்சியில் எடுத்துரைத்தார். லொஸ் ஏஞ்சலிஸில் அத்தகைய அரச அலுவலகம் 1914ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. நகைத்தவர்களின் பெயர்கள் மறைந்தன. அந்நகரின் குற்றவியல் நீதிமன்றக் கட்டடம் 2002ஆம் ஆண்டில் கிளாராவின் பெயரைப் பெற்றது. 1995ஆம் ஆண்டில் ஓ. ஜே. சிம்சனின் கொலை வழக்கு விசாரிக்கப்பட்டதும் அக்கட்டடத்திலேதான். அன்று சிம்சனுக்காக அமர்ந்திருந்த சட்டத்தரணிகளுள் ஒருவரான ரொபேர்ட் கர்தாஷியன், நாம் தொடக்கத்திற் கூறிய கிம்மின் தந்தையார்.

இருவரும் ஒரே நிலையினர் என்று நான் கூறவரவில்லை. கிளாராவுக்கு வறுமை துணை. கிம்முக்குச் செல்வம் துணை. நான்காண்டு கற்பிக்க இசையும் சட்டத்தரணியைத் தேடிப் பெறுதல் எளியோர்க்கு அரிது. ஆதலின் சினந்தோர் கூற்றில் ஒரு பகுதி மெய்யே. ஆயின் அதற்குப் பரிகாரம் அவ்வாயிலை எளியோர்க்கும் அகலத் திறத்தலன்றி, நுழைந்தவரை எள்ளுதல் ஆகாது.

மேலும், அவ்வாயிலின் உள்ளே காவல் நிற்பது தேர்வு. அதற்குச் செல்வர் இன்னார் எனத் தெரியாது. முதலாண்டுத் தேர்வில் மும்முறை தோற்று, நான்காம் முறை, 2021ஆம் ஆண்டிற் கிம் சித்தியெய்தினார். நான்காண்டுப் பயிற்சி ஆறாண்டுகளாகி 2025இல் நிறைவுற்றது. அவ்வாண்டு ஜூலையில் எழுதிய இறுதித் தேர்விலே தாம் சித்தியெய்தவில்லை என்பதை நவம்பரில் அவரே உலகறியக் கூறி, மீண்டும் முயல்வேன் என்றார். நகைப்பு மீண்டும் எழுந்தது. பெயரும் பணமும் தேர்வை வெல்லும் என்றவர்களே, வெல்லவில்லை என்பதற்காகவும் நகைத்தனர்!

ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் கழித்த எனக்கு இந்நகைப்பு புதிதன்று. பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாளிற் பாடசாலை வாயிலில் அதனைக் கேட்டிருக்கின்றேன். இரண்டாம் முறையும் தோற்ற மாணவன் பின்வழியாக வீடு செல்வதையும் கண்டிருக்கின்றேன். அவனைப் பாடம் வருத்தியதிலும் ஊரார் வாய் வருத்தியது அதிகம். மூன்றாம் முறை எழுதாமலே நின்றுவிட்டோர் எத்தனை பேர்! அவர்களுள் ஒரு கிளாராவும் இருந்திருக்கலாம் அன்றோ?

நேயர்களே, கற்க முனைபவரை நோக்கி 'நீ யார்?' என்று கேட்பது ஊரின் வழக்கம். 'நீ என்ன கற்றாய்?' என்று கேட்பது தேர்வின் வழக்கம். மைராவைத் தடுத்தது முந்திய கேள்வி. நம் வீட்டிலோ அயலிலோ, வயது கடந்தபின் ஒருவர் புத்தகத்தை எடுப்பாராயின், அக்கேள்வியை நாம் கேளாதிருப்போமாக.