யானைப் பிடரி முதல் குட்டி யானை வரை

சென்ற ஆண்டு கார்த்திகைத் தீபத்திற்கு ஒரு திங்கள் முன்பாக, பள்ளியில் என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு வாயிலில் ஒரு சிறிய சரக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் ‘ஏஸ்’ என்னும் பெயரில் வெளியிட்ட வகையைச் சேர்ந்த வண்டி அது. நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். கடன் பெற்று வாங்கிய அவ்வண்டியில் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, திருவிழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் வாடகைக்கு விடவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

“ஐயா, ஆயிரம் வாட் ஆற்றலில் ஸ்டீரியோ வைத்துக் கட்டினால் ஊர் முழுவதும் கேட்கும் அல்லவா? எங்களுக்குப் பௌதிகம் கற்பித்தவர் தாங்கள்தாமே, சொல்லுங்கள்” என்றார்.

ஒரே வரியில் விடை கூறியிருக்கலாம். ஆனால், ஊர்தியின்மீது ஓசையை ஏற்றிச் செல்லும் வழக்கத்திற்கு நம் நாட்டில் நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றை விட்டுவிட்டுச் சொல்லும் விடை பாதி விடையே ஆகும். அன்று அவருக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

மணிமேகலைக் காப்பியத்தின் முதற்காதை விழாவறை காதை. புகார் நகரில் இந்திர விழா எடுப்பதென்று முடிவாகிறது. வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றுகிறார்கள். முரசறையும் பழங்குடியில் பிறந்தவன் அச்செய்தியை நகருக்கு அறிவிக்கிறான். ஊர்தியும், ஒலிக்கருவியும், அறிவிப்பவனும் ஒன்றாகச் சேர்ந்து மக்களைத் தேடிச் செல்லும் காட்சி, இன்றைக்கு நாம் தெருவில் காணும் காட்சியேயன்றோ? பிற்காலத்தில் யானை போயிற்று, தமுக்கு வந்தது. ஊர் ஊராகச் சென்ற கூடாரத் திரைப்படக் கொட்டகைக்காரர்கள், மாட்டு வண்டியின் இருபுறமும் விளம்பரத் தட்டிகளைச் சாய்த்து, மேளம் கொட்டித் துண்டு நோட்டீசு வீசிச் சென்றார்கள்.

எனினும் மனிதக் குரலுக்கு ஓர் எல்லை உண்டு. எங்கள் அண்ணாமலையின் உயரம் ஏறத்தாழ 2,668 அடி. அதன் உச்சியில் நின்று எத்துணை வலியவன் கூவினாலும் அடிவாரத்தில் உள்ளவர் செவிக்கு எட்டாது. ஆகவேதான் இம்மலையின் பெருஞ்செய்தி ஒலியாக வராமல் ஒளியாக வருகிறது. உச்சியில் சுடர் தோன்றியதும், சுற்றிலுமுள்ள ஊர்களில் இருப்போர் தத்தம் வாயிலில் நின்றவாறே கைகூப்புகின்றனர். ஒளி சென்ற அவ்வளவு தொலைவுக்கு ஒலியைக் கொண்டுசெல்லும் வழி நெடுங்காலம் வரை மனிதனுக்குக் கிட்டவில்லை.

அவ்வழியைத் திறந்தவர்கள் அமெரிக்காவில் பணிபுரிந்த ஜென்சன், பிரிதம் என்னும் இரு பொறியியலாளர்கள். 1915-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் அவர்கள் தங்கள் மின் ஒலிபெருக்கியை மக்கள்முன் இயக்கிக் காட்டினார்கள். 1919-இல் சான் டியாகோ நகரில் குடியரசுத் தலைவர் வில்சன் அக்கருவியின் துணையோடு ஏறத்தாழ 50,000 பேர் கேட்கப் பேசினார். இந்தியாவில் மோத்வானி குடும்பத்தாரின் ‘சிகாகோ ரேடியோ’ நிறுவனம், 1930-களில் காங்கிரசு மாநாடுகளுக்கும் காந்தியடிகளின் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கிகளை அமைத்துக் கொடுத்தது. அதுவரை மேடையருகே அமர்ந்த சிலருக்கே தலைவரின் சொல் கேட்டது. கூட்டத்தின் கடைசியில் நின்ற உழவனுக்கு அவருடைய கையசைவு மட்டுமே தெரிந்தது. ஒலிபெருக்கி அவனையும் கேட்போனாக ஆக்கிற்று. இதனை அக்கருவி செய்த முதற்பெருந்தொண்டு எனலாம்.

ஊர்தியில் அதனை ஏற்றுவது மட்டும் எளிதாக இல்லை. 1930-ஆம் ஆண்டில் கால்வின் சகோதரர்கள் ‘மோட்டோரோலா’ என்னும் பெயரில் மோட்டார் வண்டிக்கான வானொலிப் பெட்டியை விற்கத் தொடங்கினர். அக்காலக் கருவிகள் யாவும் வால்வுகளால் இயங்கியவை. வால்வுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். வண்டியின் பாட்டரி தருவதோ ஆறு அல்லது பன்னிரண்டு வோல்ட். அந்தச் சிறிய அழுத்தத்தைப் பெரிதாக்க, அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கருவியும் மின்மாற்றியும் தேவைப்பட்டன. அவை சூடேறும், பழுதாகும், பாட்டரியை விரைவில் வற்றச் செய்யும். 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் பரவலாகப் பயனுக்கு வந்த பின்னரே, பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிலிருந்து நேராக இயங்கும் ஒலிப்பெருக்கக் கருவி எல்லார்க்கும் எட்டியது. தேர்தல் ஜீப்பும் ‘மைக் செட்’ வண்டியும் நம் சிற்றூர்ச் சாலைகளில் பெருகியது அதன் பயனே.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எனக்கு ஏழு வயது இருக்கும்போது, தீபத்தன்று தேரடித் தெருவின் நெரிசலில் என் தாயாரின் கையை விட்டுவிட்டேன். அழுதுகொண்டிருந்த என்னை ஒரு பெரியவர் தூக்கிச் சென்று, கூம்புக் குழாய்கள் கட்டிய ஒரு வண்டியின்மேல் உட்காரவைத்தார். சிறிது நேரத்தில் என் பெயரும், என் தந்தையார் பெயரும், நான் அணிந்திருந்த சட்டையின் நிறமும் தெருவெங்கும் முழங்கின. கால் மணி நேரத்திற்குள் தாயார் ஓடிவந்துவிட்டார். அந்தக் கூம்புக் குழாயைத் தெய்வத்தின் வாய் என்றே நான் பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அதே தாயார் நோயுற்று, வீட்டிலேயே தம் இறுதி நாள்களைக் கழித்துக்கொண்டிருந்தார். ஓர் இரவு என்னை அருகில் அழைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரத்தில் பெரும் ஒலிபெருக்கிகளைச் சுமந்த வண்டி ஒன்று எங்கள் தெருமுனையில் நின்று பாடிக்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவருடைய உதடுகள் அசைந்ததைக் கண்டேன். சொல் என் செவியில் விழவில்லை. வண்டி அகன்ற பின் கேட்டேன். “ஒன்றுமில்லையப்பா” என்று கூறிக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் அவர் பேசவில்லை. என்னை அவரிடம் சேர்த்த கருவியே அவர் சொல்லை என்னிடம் சேரவொட்டாமல் தடுத்தது. அந்த வண்டிக்காரர்மீது எனக்குச் சினம் இல்லை. உள்ளே ஒருவர் கிடக்கிறார் என்பது அவருக்கு எவ்வாறு தெரியும்? தெரிந்துகொள்ள இயலாத நிலையில் முழங்குவதுதான் இத்தொழிலின் இடர்.

சட்டமும் இதனை உணர்ந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் நடுவண் அரசு ஒலி மாசு விதிகளை வகுத்தது. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலமான இசைவு வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவிடத்தில் அது ஒலித்தல் ஆகாது. விழாக்காலங்களில் ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அமைதிப் பகுதியாக மாநில அரசு அறிவிக்கலாம். அதே ஆண்டில், சென்னையிலிருந்து எழுந்த ஒரு வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபடுமாறு எந்தச் சமயமும் கூறவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, இளைஞரின் கேள்விக்கு வருகிறேன்.

“தம்பி, ஆற்றலைப் பத்து மடங்கு ஆக்கினால் செவிக்கு ஓசை இரண்டு மடங்காகவே தோன்றும். நூறு வாட்டுக்கும் ஆயிரம் வாட்டுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே. ஆனால், பன்னிரண்டு வோல்ட்டில் ஆயிரம் வாட் எடுக்க எண்பது ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் வேண்டும். உன் வண்டியின் பாட்டரி அதை நெடுநேரம் தாங்காது. மெல்லிய கம்பியாக இருந்தால் தீப்பற்றும். தடித்த கம்பியும், பாட்டரியை ஒட்டி ஒரு ப்யூசும் கட்டாயம் வை. கூம்புக் குழாய், மின்சாரத்தை ஒலியாக்குவதில் பெட்டி ஒலிபெருக்கியைவிடப் பன்மடங்கு சிக்கனமானது; இசைக்கு அத்துணை இனிமை இல்லை, ஆயினும் பேச்சுக்கு அதுவே ஏற்றது. ஸ்டீரியோ என்பது 1931-இல் பிளம்லீன் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை கோரிய முறை. இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் எதிரே நடுவில் அமர்ந்து கேட்பவனுக்கே அதன் நயம் விளங்கும். தெருவின் இடப்பக்கம் நிற்பவனுக்கு இடப்பக்கத்து ஓசை மட்டுமே பெரிதாகக் கேட்கும். ஆகவே கூட்டத்திற்கு அது பயன்படாது” என்றேன்.

அவர் முகம் சிறிது வாடியது. “பெரிய சத்தம் இருந்தால்தான் ஐயா வாடகை வரும், கடன் தவணை இருக்கிறதே” என்றார். அவர் கூறியதிலும் உண்மை உண்டு. நான் மறுக்கவில்லை. என் தாயாரைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டு சென்றுவிட்டார்.

தீபத்தன்று கிரிவலப் பாதையில் அவ்வண்டியைக் கண்டேன். நான்கு கூம்புக் குழாய்கள் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து, பாதையில் நடப்போரைப் பார்த்திருந்தன. ஓட்டுநர் இருக்கையருகே ஒரு பொத்தான். மருத்துவமனை வந்தால் ஓசையை நிறுத்துவதற்காம். உள்ளே ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். அவருடைய ஊர்ப் பெயரை அவ்வண்டி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

புகார் நகரில் யானைமேலிருந்து முரசறைந்தவன் விழாச் செய்தியை மட்டும் கூறவில்லை. புதுமணல் பரப்புங்கள் என்றான். விழா நிகழும் 28 நாளும் பகையும் பூசலும் விட்டு விலகியிருங்கள் என்றான். உரத்த குரல் பெற்றவன் ஊரின் அமைதிக்கும் பொறுப்பாளன் என்பதை அறிந்திருந்தான். அந்த அறிவையும் சேர்த்து ஏற்றினாலன்றி, குட்டி யானையில் நாம் ஏற்றும் கருவி முழுமை பெறாது.