அழாத வீரரின் கனவுகள்

ஆண்மகன் அழலாகாது என்னும் எண்ணம் பல சமுதாயங்களிலும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலோ அது பாடசாலையிற் பயிற்றப்படும் ஒழுக்கமாகவே ஆயிற்று. உயர்குடிச் சிறுவர் இளவயதிலேயே விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அச்சத்தை முகத்திற் காட்டாதிருத்தல் அங்கு அவர்கள் கற்ற பாடங்களுள் ஒன்று. இவ்வாறு வளர்ந்தோர் பலர், 1914 இல் மூண்ட முதலாம் உலக மகாயுத்தத்தில், இளம் அதிகாரிகளாய்ப் பிரான்சின் பதுங்குகுழிகளுக்குச் சென்றனர்.

சில மாதங்களுக்குள் வைத்தியர்கள் திகைத்தனர். உடலிற் காயமின்றியே பார்வை இழந்தோரும், பேச்சு இழந்தோரும், கைகால் நடுங்குவோரும் வந்து குவிந்தனர். 1915 பெப்ரவரியில் சார்ள்ஸ் மையர்ஸ் என்னும் உளநூலறிஞர் ‘லான்செற்’ என்ற வைத்திய சஞ்சிகையில் இத்தகைய நோயாளர் மூவரைப் பற்றி எழுதினார். ‘ஷெல் அதிர்ச்சி’ என்ற பெயர் அதன்மூலம் வைத்திய நூல்களிற் புகுந்தது. வெடியின் வேகம் மூளையைத் தாக்குவதே காரணமென முதலிற் பலர் கருதினர். ஆயின், ஷெல் விழுந்த இடத்தை அணுகாதோரும் அவ்வாறே நோயுற்றனர். அதன்பின், ‘இவன் நோயாளியா, கோழையா?’ என்ற வினா எழுந்தது.

ஹரி பார் என்னும் சிப்பாய் 1915 இல் ஐந்து மாதங்கள் இந்நோயால் வைத்தியசாலையிற் கிடந்தவர். மறு ஆண்டு, தம்மால் தாங்க இயலாதெனக் கூறி, முன்னணிக்குச் செல்ல மறுத்தார். இராணுவ நீதிமன்றம் அதனைக் கோழைத்தனமெனத் தீர்த்தது. 1916 ஒக்டோபரில், தமது 25 ஆம் வயதில், அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். இலண்டனில் லூயிஸ் யெலன்ட் என்ற வைத்தியர், வாய்பேசாச் சிப்பாயின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தார். வீரனுக்குரியவாறு நடந்துகொள்ளும்படி அந்நோயாளிக்கு அவர் கூறியதை அவரே எழுதிவைத்துள்ளார்.

வேறு வழி கண்டவர் வில்லியம் றிவேர்ஸ். 1901, 1902 ஆம் ஆண்டுகளில் நீலகிரித் தோடரிடையே ஆராய்ச்சி நடத்தி, 1906 இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட அறிஞரும் இவரே. பிறர் வாழ்வைப் பொறுமையுடன் கேட்டறிந்த அப்பழக்கம் வைத்தியத்திலும் அவருக்குத் துணைநின்றிருக்க வேண்டும். எடின்பரோ நகரையடுத்த கிரெய்க்லொக்காட்டில், அதிகாரிகளுக்கென 1916 இல் திறக்கப்பட்ட வைத்தியசாலையில் அவர் பணியாற்றினார். அங்கு வந்தோர் பலரும், நடந்ததை மறந்துவிடுமாறு உறவினராலும் வைத்தியராலும் அறிவுறுத்தப்பட்டவர்கள். பகலில் ஒருவாறு மறந்தனர். இரவில் அலறி எழுந்தனர்.

அவர்களுள் ஓர் அதிகாரி, நண்பரைத் தேடிச்சென்று, தலையும் உறுப்புகளும் வேறுவேறாய்ச் சிதறிக் கிடந்த உடலைக் கண்டவர். அக்காட்சியே கனவில் மீண்டும் மீண்டும் வந்தது. றிவேர்ஸ் அதனை மறக்கச் சொல்லவில்லை. அவ்வாறு சிதறியவர் நொடிப்பொழுதில் இறந்திருப்பார், நெடுநேரம் துன்புற்றிரார் என்பதை எடுத்துக்காட்டி, அந்நினைவோடு அதனை எண்ணிப்பார்க்கச் செய்தார். அதிகாரி பல இரவுகள் அக்கனவின்றி உறங்கினார். பின்னர் ஓரிரவு அவ்வுடல் மீண்டும் கனவில் வந்தது, அச்சம் வரவில்லை. அருகே முழந்தாளிட்டு, நண்பரின் உறவினருக்கு அனுப்பவேண்டிய பொருள்களை அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

1917 டிசெம்பரில் இலண்டன் வைத்திய அறிஞர் அவையில் றிவேர்ஸ் இவற்றை எடுத்துரைத்தார். தம் முறையால் ஆறுதல் பெறாதோரையும் மறைக்கவில்லை. சிப்பாய்களிடம் ஊமையும் முடக்கமும் மிகுந்திருக்க, அதிகாரிகளைக் கவலையும் கொடுங்கனவும் வருத்தின என்பதை அவர் கண்டார். அச்சத்தை அடக்கும் பள்ளிப் பயிற்சியே இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமென அவர் கருதினார்.

ஆயினும் அவர் இராணுவ வைத்தியர். குணமடைந்தவரைப் போர்க்களத்துக்குத் திருப்புவது அவர் கடமை. யுத்தம் நீடிக்கப்படுவதைக் கண்டித்து அறிக்கை விடுத்தமையால் 1917 இல் அங்கு அனுப்பப்பட்ட கவிஞர் சிக்பிரிட் சசூன், றிவேர்சுடன் உரையாடியபின் தாமே களத்துக்கு மீண்டு, 1918 யூலையிற் காயமுற்றார். அங்கு வேறொரு வைத்தியரிடம் சிகிச்சை பெற்ற கவிஞர் வில்பிரெட் ஓவனும் மீண்டார். 1918 நவம்பர் 4 இல் அவர் கொல்லப்பட்டார்; யுத்தம் ஓய ஒரு வாரமே இருந்தது.

றிவேர்ஸ் 1922 இல் மறைந்தார். ஹரி பாரின் மகள் தொண்ணூறு வயதைக் கடந்தும் தந்தையின் பெயருக்காக வழக்காடினார். 2006 இல் பிரித்தானியப் பாராளுமன்றம், அவரையும் அவரைப்போலச் சுடப்பட்ட ஏறத்தாழ முந்நூறு பேரையும் மன்னித்துச் சட்டமியற்றியது. அச்சட்டத்திலேயே ஒரு விதி உண்டு: மன்னிப்பு வழங்கப்பட்டாலும், அன்றைய தீர்ப்பும் தண்டனையும் அவ்வாறே நிற்கும்.