கிரேக்க வேட்டை நாய்களின் பெயர்கள்

பண்டைக் கிரேக்கத்தில் வேட்டை நாய்க்குப் பெயரிடுவது பயிற்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஏதென்ஸைச் சேர்ந்த செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்; படைத்தலைவர், சாக்ரட்டீசின் மாணவர். அவர் பெயரில் வழங்கும் வேட்டை நூல், நாயை எளிதாகக் கூவி அழைக்கும்படி பெயர் குறுகியதாக இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. எடுத்துக்காட்டாக 47 பெயர்களையும் தருகிறது. அவை பெரும்பாலும் ஈரசைப் பெயர்கள். முயலைத் துரத்திக் காட்டுக்குள் பாய்ந்துவிட்ட நாயின் காதில் நீண்ட பெயர் தெளிவாக விழாது. விதியின் நியாயம் அதுவே.

ஆண் நாய்க்குரிய பெயர்களில் போர்க்களத்தின் மணம் வீசுகிறது. பைலாக்ஸ் என்றால் காவலன், லோக்கோஸ் படைப்பிரிவு, தூமோஸ் நெஞ்சுரம், பிரேமோன் முழங்குபவன். வேட்டையைப் போருக்கான பயிற்சியாக அந்நூல் போற்றுவதால் இத்தேர்வு மிகப் பொருத்தமானது. உருவத்தையோ நிறத்தையோ விடக் குணத்துக்கே இங்கு முதலிடம். இப்பட்டியலின் பெருமிதம் அதில்தான் இருக்கிறது.

கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமானிய வேளாண் அறிஞர் கொலுமெல்லா எல்லையை இன்னும் திட்டமாக வரையறுத்தார்: பெயர் மிக நீளமாகவும் கூடாது, ஈரசைக்குக் குறையவும் கூடாது. ஆண் நாய்க்கு அவர் பரிந்துரைத்த லத்தீன் பெயர்கள் இரண்டு: பெரோக்ஸ் (மூர்க்கன்), கெலர் (விரைவோன்).

அடுத்த நூற்றாண்டில் கிரேக்க எழுத்தாளர் அர்ரியன், செனபோனின் நூலுக்குத் துணைநூலாகத் தம் வேட்டை நூலை எழுதினார். முயலைப் பிடித்த நாயைத் தட்டிக்கொடுத்து, அதன் பெயரைச் சொல்லிப் பாராட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த முறை.