காலடி மண்: சென்னையில் எளியோர் வீட்டுரிமை கடந்து வந்த வழி

சென்னை மாநகரின் வரலாற்றை எழுதுவோர் கோட்டையையும் துறைமுகத்தையும் பக்கம் பக்கமாக விரித்துரைப்பர். அத்துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும் அந்நகரின் தெருக்களைத் துலக்கியவளும் இரவில் எங்கே தலைசாய்த்தனர் என்பதை ஒரு வரியில் முடித்துக்கொள்வர். நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அந்த ஒரு வரியைச் சற்றே விரித்தெழுதுவது பொருத்தமாகும் எனக் கருதுகிறேன்.

நம்மவர் பலர் ஊரைவிட்டு நகருக்கு வந்த காரணத்திலேயே மனைச் சிக்கலும் அடங்கியுள்ளது. சிற்றூர்களில் பண்ணையாளின் குடிசை நின்ற மண் பெரும்பாலும் நிலவுடைமையாளர்க்கே உரியது. கூலியை உயர்த்திக் கேட்டால், "குடிசையைப் பிரி" என்பதே மறுமொழி. ஆங்கிலேய அதிகாரிகளும் இதனை அறிந்தேயிருந்தனர். 1920-ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்தில் உருவான தொழிலாளர் ஆணையர் துறை, தாழ்த்தப்பட்டோர்க்கு வீட்டுமனை பெற்றுத் தருவதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. அதுவும் இலவசமன்று, மனையின் விலையைக் குடியிருப்போர் தவணை தவணையாகச் செலுத்த வேண்டியிருந்தது. ஏழைக்கு அரசு எல்லாவற்றையும் சும்மா அள்ளிக் கொடுத்தது என்று பேசுவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று. ஊர்ப்புறக் குடிசை மண்ணை உழவுத் தொழிலாளர்க்கே உரிமையாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971-இல்தான் வந்தது.

நகரில் பண்ணையார் இல்லை, புறம்போக்கு இருந்தது. கூவத்தின் கரையிலும், அடையாற்றின் கரையிலும், பக்கிங்காம் கால்வாயோரத்திலும், இருப்புப்பாதையின் இரு மருங்கிலும் ஓலைக் குடிசைகள் நெருங்கி எழுந்தன. கோடை வந்தால் தீ. மழை வந்தால் வெள்ளம். 1961-இல் தோன்றிய வீட்டுவசதி வாரியத்தின் தவணை வீடுகள் மாதச் சம்பளம் பெறுவோர்க்கு ஏற்றவை. நாட்கூலி பெறுவோர்க்கு அவை எட்டாக்கனி. 1967-இல் அண்ணா அவர்களின் ஆட்சி வந்தபின் தீப்பிடிக்காத வீடுகள் என்னும் பேச்சு எழுந்தது. இன்று கடன் வழங்கும் அலுவலகமாகவே நம் இளைஞர்கள் அறிந்துள்ள தாட்கோ, 1974-இல் தொடங்கப்பட்டபோது ஆதிதிராவிடர்க்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவதையே நோக்கமாகக் கொண்டிருந்தது.

கலைஞர் அவர்கள் முதலமைச்சராக இருந்த 1970-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. சென்னையின் குடிசைகள் அனைத்தையும் ஏழாண்டுகளில் மாற்றிவிடுவது என்பது அன்றைய உறுதி. 1971-இல் நடந்த கணக்கெடுப்பில் 1,202 குடிசைப் பகுதிகளும், அவற்றில் ஏறத்தாழ 1.64 இலட்சம் குடும்பங்களும் காணப்பட்டன. அவ்வாண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி அறிவிக்கை பெற்ற பகுதியில் குடியிருப்போரை, உரிய அதிகாரியின் அனுமதியின்றி வெளியேற்ற இயலாது. அறிவிக்கை என்னும் ஒரு தாள் அத்துணை வலிமையுடையது. ஆனால் 1985-இல் மேலும் 17 பகுதிகள் சேர்க்கப்பட்டதோடு சென்னையில் அப்பட்டியல் நெடுங்காலம் வளரவில்லை. நகரமோ வளர்ந்துகொண்டே இருந்தது.

முதலாண்டுகளில் எழுந்த அடுக்குமாடிகளைப் பலரும் குறை கூறினர். அறை சிறிது, கழிவுநீர் தேங்குகிறது, படிக்கட்டு இடிகிறது என்றெல்லாம் கூறப்பட்டவை உண்மையே. எனினும் அவற்றுக்கு ஒரு பெருமை உண்டு. குடிசை நின்ற இடத்திலேயோ, அதற்கு அண்மையிலோ அவை கட்டப்பட்டன. நொச்சிக்குப்பத்து மீனவர் கடலைவிட்டு அகலவில்லை.

1977-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் வேறொரு வழி மேற்கொள்ளப்பட்டது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதிகளோடு சிறு சிறு மனைகள் பிரித்துத் தரப்பட்டன. வீட்டைக் குடும்பமே தன் வருவாய்க்கேற்பக் கட்டிக்கொள்ள வேண்டும். அன்று இதனை ஏளனம் செய்தோர் உண்டு. இன்று அங்குச் சென்று காண்போர், ஓலைக்கூரை ஓடாகி, ஓடு தளமாகி, தளத்தின்மேல் ஒரு மாடியும் எழுந்து, அதில் வாடகைக்கு ஒருவரும் குடியிருக்கக் காண்பர். என் மதிப்பீட்டில், இம்மாநகரின் ஏழைக்குக் கிடைத்த உதவிகளுள் இதுவே மிக அதிகப் பலன் தந்தது. மனை தன்னுடையது என்ற நம்பிக்கை இருந்ததால் செங்கல் தானே வந்து சேர்ந்தது.

2000-ஆம் ஆண்டையொட்டித் திசை மாறிற்று. நகரின் தென்கோடியில் கண்ணகி நகரில் 15,656 வீடுகளும், செம்மஞ்சேரியில் 6,764 வீடுகளும் கட்டப்பட்டன, பின்னர்ப் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் முதலில் எழுந்த வீடுகள் 200 சதுர அடியும் நிறையாதவை. சிமெண்டுச் சுவர் கிடைத்தது; வேலை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டது. வீட்டுவேலைக்குச் சென்ற பெண்கள் பேருந்துக் கட்டணத்தையும் பயண நேரத்தையும் கணக்கிட்டுப் பலர் வேலையையே விட்டனர். 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டபோது, கல்வியாண்டின் நடுவிலேயே பிள்ளைகள் பள்ளி மாற நேர்ந்தது. தேர்வுக்குச் சில மாதங்களே இருக்கையில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழில் கையொப்பமிடுவது எத்தகையது என்பதை ஆசிரியர் அறிவர். அதனை எந்தத் திட்ட அறிக்கையும் செலவினத்தில் சேர்ப்பதில்லை.

2021-இல் வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழைய சிக்கல் ஒன்று மட்டும் பெயர் மாறாமல் தொடர்ந்தது; அதுவே கிரயப் பத்திரம். தவணை முழுவதும் கட்டி முடித்தும் பத்திரம் பெறாத குடும்பங்கள் பல. நிலம் வேறொரு துறையின் பெயரில் இருப்பது பெருங்காரணம். ஒதுக்கீடு பெற்றவர் இறந்துவிட, வாரிசுச் சான்று வாங்கப்படாதது மற்றொன்று. முன்னது அரசு தீர்க்க வேண்டியது. பின்னதை நாமே தீர்க்கலாம்.

ஒதுக்கீட்டு ஆணை, தவணை இரசீதுகள், குடும்ப அட்டை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகிய இவ்வைந்தும் ஓர் உறையில் இருக்கும் வீடுகள் நம் தெருக்களில் மிகச் சிலவே. நம் சங்கத்தின் உதவியால் பயின்று வருவாய்த்துறையிலும் பதிவுத்துறையிலும் பணியாற்றும் தம்பியரும் தங்கையரும் திங்கள்தோறும் ஒரு ஞாயிறு மாலையை ஒதுக்கி, முதியோர் கொண்டுவரும் தாள்களைப் படித்து, எது குறைகிறது என்று எழுதிக்கொடுத்தால் போதும். கரையான் அரிக்குமுன் அந்த இரசீதுகளைப் படியெடுத்து வைப்பதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.